மேசைக்கு அந்தப் பக்கம் யார்?

2022 மே 4, புதன்கிழமை. அக்னி நட்சத்திரம் பிறந்த நாள். நாடு முழுவதும் எல்.ஐ.சி அலுவலகங்களில் ஊழியர்கள் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். கேட்டில் கட்டிய சிவப்புக் கொடி, சட்டையில் குத்திய கோரிக்கை அட்டை, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் முடித்துவைக்கும் கோஷம். தொழிற்சங்க ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துப் பழகிய எவருக்கும் மனப்பாடமான காட்சிதான். எல்.ஐ.சி-யின் பங்குகளைச் சந்தையில் விற்காதே என்று இரண்டு மணி நேர வெளிநடப்பு.

அதே நாளில்தான் பங்கு விற்பனையும் தொடங்கியது. விற்பனைக்கு வந்த 22 கோடிச் சொச்சம் பங்குகளில் சுமார் 15.8 லட்சம் ஊழியர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியீட்டு விலை 949 ரூபாய் என்றால் ஊழியருக்கு 45 ரூபாய் தள்ளுபடி போக 904. மே 9-ஆம் தேதி கணக்கு முடித்தபோது ஊழியர் ஒதுக்கீட்டுக்கு மட்டும் நான்கு மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்திருந்தது. வாசலில் உயர்ந்த கையும் மொபைலில் விண்ணப்பம் தட்டிய கையும் சில இடங்களிலாவது ஒரே கையாக இருந்திருக்கும்.

இரட்டை வேடம் என்று சொல்லிச் சிரித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரம்பரை வீட்டை விற்காதே என்று வாசலில் உட்கார்ந்த பிள்ளை, விற்றே தீருவார்கள் என்று தெரிந்ததும் திண்ணையிலாவது ஒரு பங்கு கிடைக்குமா என்று பார்ப்பதுபோலத்தான் இது. அந்தத் திண்ணையும் கை கொடுக்கவில்லை. மே 17 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் எல்.ஐ.சி பங்கு 867 ரூபாயில் பட்டியலானது. தள்ளுபடி விலையில் வாங்கிய ஊழியருக்கும் முதல் நாளே கையைச் சுட்டது.

இது நடந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் துண்டறிக்கையும் உணவு இடைவேளை ஆர்ப்பாட்டமும் ஓயவில்லை. ஆள் எடுக்கச் சொல்லி, சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி, ஓய்வூதியத்தைத் திருத்தச் சொல்லி வரிசையாகக் கோரிக்கைகள். வேலை நிரந்தரம், நல்ல சம்பளம், வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. இதற்கு மேலும் என்ன மனக்குறை என்று வெளியில் இருப்பவர் கேட்பது நியாயம்தான்.

'நிர்வாகம்' என்றொரு ஆள்

இந்த ஊழியர்கள் பேசும்போதெல்லாம் 'நிர்வாகம்' என்று ஒருவர் வருவார். நிர்வாகம் பேச மறுக்கிறது, நிர்வாகம் இழுத்தடிக்கிறது. யார் அவர்?

கிளை மேலாளரா என்றால், அவரே கோட்ட அலுவலகம் கேட்கும் டார்கெட்டுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர். கோட்டம் மண்டலத்தைக் கைகாட்டும். தென்மண்டலம் சென்னையில் இருந்தாலும் பெரிய முடிவெல்லாம் மும்பை நாரிமன் பாயின்ட்டில் இருக்கும் 'யோகக்ஷேமா' தலைமையகத்தில். அங்கே போனால் சம்பள விவகாரம் டெல்லியில், நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறையில் இருக்கிறது என்பார்கள். 2022-க்குப் பிறகு இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் கேட்கும் பங்குச் சந்தை.

மேசையின் இந்தப் பக்கம் சங்கம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்த மேசைதான் எல்.ஐ.சி ஊழியர் அதிருப்தியின் ஆணிவேர் என்று நினைக்கிறேன். அது இப்படி ஆன கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: எல்.ஐ.சி, எண்களில்

■ 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி 1956 செப்டம்பர் 1 அன்று உருவானது. மத்திய அரசு போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய்.

■ 8 மண்டலங்கள், 113 கோட்டங்கள், 2,048 கிளைகள். தமிழ்நாட்டில் சென்னையில் இரண்டு கோட்டங்களும் கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி, வேலூரில் ஒவ்வொன்றும்.

■ நிரந்தர ஊழியர்கள் லட்சத்தை ஒட்டி. முகவர்கள் 13 லட்சத்துக்கு மேல்.

■ 2022-இல் அரசு விற்றது 3.5 சதவீதம். கிடைத்த தொகை 20,500 கோடி ரூபாய்க்கு மேல்.

■ அண்ணா சாலை எல்.ஐ.சி கட்டடத்தைத் தொடங்கியவர் ஒரு தனியார் முதலாளி. யுனைடெட் இந்தியா லைஃப் நிறுவனத்தின் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954 விமான விபத்தில் அவர் இறந்தார். நிறுவனம் நாட்டுடைமை ஆனது. கட்டடம் 1959-இல் எல்.ஐ.சி-யாகத் திறக்கப்பட்டது.

எட்டு நாளில் வந்த சட்டம்

எல்.ஐ.சி-யைவிட அதன் பெரிய சங்கத்துக்கு வயது அதிகம். அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் 1951-இல் பம்பாயில் தொடங்கியது. காப்பீட்டை நாட்டுடைமை ஆக்கு என்று கேட்டவர்களில் அதுவும் உண்டு. கேட்டது கிடைத்த பிறகு, வந்து உட்கார்ந்த புதிய முதலாளியோடு மல்லுக்கட்டுவதே அதன் வேலையாகிப்போனது.

1974-இன் தொடக்கத்தில் எல்.ஐ.சி நிர்வாகமும் சங்கங்களும் பேசி ஒப்பந்தம் போட்டன. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களுக்கு, அதாவது எழுத்தர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும், ஆண்டுச் சம்பளத்தில் 15 சதவீதம் போனஸ். உச்சவரம்பு கிடையாது. மத்திய அரசும் சம்மதித்த ஒப்பந்தம் அது. மறு ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. போனஸ் நின்றது.

ஊழியர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 மே 21 அன்று, போனஸைக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டே நாள். மே 29 அன்று அந்த ஒப்பந்தத்தின் போனஸ் பகுதியையே செல்லாதாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதுவும் முந்தைய ஆண்டு ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. ஒரு நிறுவனத்தின் எழுத்தர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் கொடுக்க வேண்டிய போனஸை நிறுத்த நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. நெருக்கடி நிலையில் எதெதற்கு நேரம் இருந்திருக்கிறது, பாருங்கள்!

1978 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அரசு வேறு வழியில் வந்தது. 1980 நவம்பரில் மறுபடியும் உச்ச நீதிமன்றம். புதிய ஒப்பந்தம் வரும்வரை பழையதே செல்லும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற பெரும்பான்மைத் தீர்ப்பு ஊழியர் பக்கம் நின்றது. கையில் மூன்று தீர்ப்புகள். ஆனால் 1981 ஜனவரி 31 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. எல்.ஐ.சி ஊழியர்களின் சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் மத்திய அரசே விதியாகப் போடலாம், எந்த ஒப்பந்தம் இருந்தாலும் அந்த விதிதான் செல்லும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை சேர்ந்த பாக்கியை மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டு, 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அன்று முதல் பேச்சுவார்த்தை மும்பையில், முடிவு டெல்லி அரசிதழில். சங்கத் தலைவர்கள் ரயில் ஏறி மும்பைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். பேசியதில் எவ்வளவு எப்போது வரும் என்பது எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியாது.

பெட்டிச் செய்தி: ஆகஸ்டில் பிறந்து, எப்போதோ வந்தது

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் 1 முதல் புதிய சம்பளம். வந்து சேர்ந்த தேதிகள் இவை.

■ 2017 ஆகஸ்ட் சம்பளத் திருத்தம்: 2021 ஏப்ரலில். மூன்றே முக்கால் வருடம் தாமதம்.

■ 2022 ஆகஸ்ட் சம்பளத் திருத்தம்: 2024 மார்ச்சில். 17 சதவீத உயர்வு, 1.10 லட்சம் பேருக்கு. ஆண்டுக்குக் கூடுதல் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். செய்தி வெளியான நாள் மார்ச் 15. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதி அமலுக்கு வந்தது.

■ அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் 2017 ஆகஸ்ட் திருத்தம்: 2022 அக்டோபரில். ஐந்து வருடத்துக்கு மேல்.

மூன்று பெயருள்ள மூதாட்டி

மேலே நடப்பது இது. கீழே, கவுண்டரில் என்ன நடக்கிறது?

ஒரு மூதாட்டி மஞ்சள் பையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இறந்துபோன கணவரின் பாண்டுப் பத்திரம். எழுத்தர் 3783-ஆம் எண் படிவத்தை எடுக்கிறார். இறப்பு கிளெய்முக்கு 3783, முதிர்வுக்கு 3825, சரண்டருக்கு 5074. இந்த எண்கள் எல்.ஐ.சி-காரர்களுக்குக் குலதெய்வத்தின் பெயர் மாதிரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பாண்டில் நாமினி பெயர் 'கே. முத்துலட்சுமி'. ஆதாரில் 'முத்துலட்சுமி க'. வங்கிப் புத்தகத்தில் 'முத்துலெட்சுமி கருப்பையா'. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஊரில் ஒரே மனுஷி மூன்று காகிதத்தில் மூன்று பேராக இருப்பது சகஜம். மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் வழியை அந்த அம்மாளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. எந்தச் செயலியும் இதைச் செய்து தராது.

பின்னால் வரிசை நீள்கிறது. பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை.

இதுதான் இப்போதைய பெரிய சண்டை. உதவியாளர் பணிக்குக் கடைசியாகப் பெரிய அளவில் ஆள் எடுத்தது 2019-இல் வந்த அறிவிப்பின்படி, சுமார் 8,000 பேர். மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஆள் எடு, சங்கத்தை அங்கீகரி என்று கேட்டு 2025 பிப்ரவரியில் ஒரு மணி நேர வெளிநடப்பு நடந்தது. அந்த ஆகஸ்டில் 841 இடங்களுக்கு அறிவிப்பும் வந்தது. அத்தனையும் உதவி நிர்வாக அதிகாரி, உதவிப் பொறியாளர் பணிகள். கவுண்டர் நாற்காலிக்கு ஒன்றுகூட இல்லை.

ஆன்லைனில் பிரீமியம் கட்டும் காலத்தில் கவுண்டருக்கு எதற்கு ஆள் என்று கேட்கலாம். பாதி நியாயம் அதில் இருக்கிறது. பிரீமியம் வாங்கும் வேலை உண்மையிலேயே குறைந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை குறையவில்லை. 2023-24-இல் மட்டும் 3.72 லட்சம் பாலிசிதாரர்கள் முதிர்வுத் தொகையை வாங்கவே வரவில்லை, 880.93 கோடி ரூபாய் கோரப்படாமல் கிடக்கிறது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. முகவரி மாறியவர்கள், பாண்டைத் தொலைத்தவர்கள், பாலிசி இருப்பதே தெரியாத வாரிசுகள். இவர்களைத் தேடிப்பிடித்துக் காசைக் கையில் சேர்ப்பதற்கு ஆள்தான் வேண்டும்.

திட்டு வாங்குவதும் கவுண்டர்தான். 2024 நவம்பரில் எல்.ஐ.சி-யின் இணையதள முகப்பே இந்திக்கு மாறி நின்றபோது முதலமைச்சர் ஸ்டாலின் முதல் பலரும் கொதித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று வருத்தம் தெரிவித்துச் சரிசெய்தார்கள். மும்பையில் நேர்ந்த கோளாறுக்குத் தமிழ்நாட்டுக் கிளைகளில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், எப்போதும்போல, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர்தான்.

ஒரே நாளில் 5,88,107

2025 ஜனவரி 20. எல்.ஐ.சி-யின் முகவர்கள் 4,52,839 பேர் 24 மணி நேரத்தில் 5,88,107 பாலிசி எடுத்துக் கொடுத்தார்கள். கின்னஸ் சாதனை. 'மேட் மில்லியன் டே' என்று அந்த நாளுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முகவரும் அன்று ஒரு பாலிசியாவது முடிக்க வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள்.

முகவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பாலிசி முகவர் கையோடு முடிவதில்லை. முன்மொழிவுப் படிவத்தைச் சரிபார்க்க வேண்டும். வயதுச் சான்று, மருத்துவ அறிக்கை, ஆபத்தின் அளவு பார்த்து ஏற்பதா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். மார்ச் குளோசிங்குக்கு இரவு எட்டு மணி வரை விளக்கு எரிவது இந்த அலுவலகங்களில் பழைய வழக்கம். இப்போது குளோசிங் மார்ச்சோடு நிற்பதில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் வளர்ச்சி அதிகாரி. இவர் நிரந்தர ஊழியர்தான். ஆனால் சம்பளமாக வாங்குவதற்கும் அவருடைய முகவர்கள் கொண்டுவரும் பிரீமியத்துக்கும் ஒரு விகிதக் கணக்கு உண்டு. அந்தச் செலவு விகிதம் வரம்பைத் தாண்டினால் இன்க்ரிமென்ட்டில் கைவைப்பார்கள். எல்லை மீறினால் வேலைக்கே ஆபத்து. இவருடைய டார்கெட் முகவர் தலையில் இறங்கும். முகவரின் டார்கெட் அவருடைய மாமன், மச்சான், பழைய வகுப்புத் தோழன் தலையில் இறங்கும். உங்கள் வீட்டிலும் வேண்டாமென்று சொல்ல முடியாமல் எடுத்த பாலிசி ஒன்றாவது இருக்கும். அது எங்கிருந்து உருண்டு வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

முகவருக்கு 2024 அக்டோபரில் இன்னொரு அடி. ஒரு வருடப் பிரீமியம் கட்டிவிட்டு விலகுபவருக்கும் ஓரளவு பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது. பாலிசிதாரருக்கு நல்ல விதி. என்றைக்கோ வந்திருக்க வேண்டியது. எல்.ஐ.சி அதன் சுமையை இறக்கிவைத்த இடம்தான் பிரச்சினை. முதல் வருடக் கமிஷன் 35 சதவீதத்திலிருந்து 28 சதவீதமானது. பாலிசிதாரர் சீக்கிரமே சரண்டர் செய்தால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கவும் ஏற்பாடு. சில திட்டங்களில் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. காய்கறிக் கடைக்காரருக்கும் தையல் கடை அக்காவுக்கும் சின்னச் சின்ன பாலிசி போட்டு வயிறு வளர்த்த முகவருக்கு இரண்டு பக்கமும் இடி. அவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஊழியர் சங்கம் ஒரு வாசலில், முகவர் சங்கம் இன்னொரு வாசலில். இரு தரப்பும் ஒரே மேசையைப் பார்த்துத்தான் கத்துகின்றன, சேர்ந்து கத்துவது அபூர்வம்.

பென்ஷன் புத்தகத்தின் பழைய பக்கம்

எல்.ஐ.சி-யில் ஓய்வூதிய விதிகள் வந்தது 1995-இல். ஓய்வு பெற்ற நாளில் என்ன அடிப்படை ஓய்வூதியமோ அதுவே ஆயுள் முழுக்க. அகவிலைப்படி கூடும், அடிப்படை நகராது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணியில் இருப்பவருக்குச் சம்பளம் ஏறும்போது, ஓய்வு பெற்றவர் பத்திரிகையில் செய்தி படித்துக்கொள்ளலாம். ஒரே நாற்காலியில் ஒரே வேலை பார்த்து 1998-இல் போனவருக்கும் 2018-இல் போனவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 2019-இல் ரிசர்வ் வங்கியின் ஓய்வூதியர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத் திருத்தத்தை அரசு கொடுத்தது. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது என்று இவர்கள் கேட்கிறார்கள். 2024-இல் ஒருமுறை மட்டும் கருணைத்தொகை ஒன்று வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு குடும்ப ஓய்வூதியம் ஒரே சீராக 30 சதவீதம் ஆனது. இரண்டையும் நல்ல காரியம் என்று ஒப்புக்கொண்டுதான் கோரிக்கையைத் தொடர்கிறார்கள்.

2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கோ இந்தப் பென்ஷனே கிடையாது, சந்தையோடு ஏறி இறங்கும் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்தான். அப்படி 24,000 பேர் வரை இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறுவனத்தின் பங்களிப்பு 10-லிருந்து 14 சதவீதமாக உயர்ந்தது. அடுத்தவர்களின் முதுமைக்கு 'உறுதியான ஓய்வூதியம்' என்று பாலிசி விற்கும் நிறுவனத்தில், இளைய ஊழியருக்கு அந்த உறுதி இல்லை. டீ இடைவேளையில் இதைச் சொல்லி அவர்களே சிரித்துக்கொள்ளக்கூடும்.

சங்கத்துக்கும் வெளியே நின்றவர்கள்

இத்தனை பேருடைய குறையையும் ஒரு தட்டில் வைத்தாலும் மறு தட்டில் நிற்கத் தகுந்தது தற்காலிகத் தொழிலாளர்களின் கதை. 1985 மே 20 முதல் 1991 மார்ச் 4 வரை எல்.ஐ.சி-யில் தற்காலிகமாக, பதிலியாக, பகுதிநேரமாக வேலை பார்த்தவர்கள். எண்பத்தைந்து நாள் வேலை கொடுப்பது, நிறுத்துவது, மறுபடி கூப்பிடுவது. 1986-இல் டுல்புலே தீர்ப்பாயம், 1988-இல் ஜம்தார் தீர்ப்பாயம், 2001-இல் டோக்ரா தீர்ப்பாயம் என்று வழக்கு நடந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் போனதில் முன்னின்ற வழக்கே தமிழ்நாட்டுக்காரர்களுடையது, பணிநீக்கப்பட்ட முழுநேரத் தற்காலிக எல்.ஐ.சி ஊழியர் சங்கத்தின் பெயரில்.

2015 மார்ச் 18 அன்று, இவர்களைப் பணியில் சேர்த்துக்கொள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைக்குப் போன வயதில் கருத்திருந்த தலைகள் அதற்குள் நரைத்திருந்தன. இருந்தும் இனிப்பு கொடுத்திருப்பார்கள். யார் தகுதியானவர் என்ற பட்டியலிலேயே அடுத்த ஏழு வருடம் ஓடியது. 2022 ஏப்ரல் 27 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 11,000 பேருக்கு மேல் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு பொதுத்துறை நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று முடிவு சொன்னது. இரண்டு பேர் குழு தகுதியைச் சரிபார்க்கும். தேறியவர்களுக்கு வேலைக்குப் பதில், பார்த்த ஒவ்வொரு வருட வேலைக்கும் 50,000 ரூபாய்.

அதற்குச் சரியாக ஏழு நாள் கழித்துத்தான், கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அந்த மே 4.

பக்கத்து வீட்டிலும் புகை

ஆயுள் காப்பீட்டோடு இது முடியவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் காரமாக. ஐந்து வருடம் தாமதமாக 2022 அக்டோபரில் வந்த சம்பள அறிவிப்பு, அடுத்த திருத்தத்தைச் செயல்திறனோடு முடிச்சுப் போட்டது. தனியார் ஆலோசனை நிறுவனத்தை வைத்து அலுவலகங்களை மூடுவதும் இணைப்பதும் அதே நேரத்தில் நடந்தது. 2023 ஜனவரி 4 அன்று சங்கங்கள் கூட்டாக வேலைநிறுத்தம் செய்தன. அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போகலாம் என்று 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. அங்கே ஊழியர்களின் கவலை சம்பளத்தைத் தாண்டி, எந்த நிறுவனம் எத்தனை நாள் இருக்கும் என்பதில் வந்து நிற்கிறது.

மக்கள் ஏன் பக்கத்தில் வரவில்லை?

இவ்வளவு இருந்தும், எல்.ஐ.சி ஊழியர் வாசலில் நின்று கத்தும்போது கடந்து போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

'எல்.ஐ.சி மாப்பிள்ளை' என்றால் பெண் வீட்டார் ஜாதகத்தைப் புரட்டாமலே தலையாட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பொறாமை இன்னும் தீரவில்லை. 2021 மே முதல் சனிக்கிழமையும் விடுமுறையானது. வேலைக்குப் போகிறவர்கள் கிளைக்கு வர முடிந்த ஒரே நாளும் போனது. சங்கம் அதைப் போராடிப் பெற்ற வெற்றி என்றது. லீவு போட்டுவிட்டுக் கிளைக்கு வருபவர் என்ன சொல்வார்? 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி-யின் இலாகோ கட்டடத்துக்குள் கம்ப்யூட்டரை நுழைய விடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தது இந்த இயக்கத்தின் வீரக் கதைகளில் ஒன்று. அதைப் பெருமையாகச் சொல்லும் சங்கம், பத்து நிமிட வேலைக்கு மூன்று முறை அலைந்த பாலிசிதாரரைப் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஆள் பற்றாக்குறையால் இழப்பு எங்களுக்கல்ல, உங்களுக்கு என்று பொதுஜனத்திடம் எடுத்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. துண்டறிக்கையில் அது ஆறாவது கோரிக்கையாக வருகிறது.

நிர்வாகத்தின் பக்கம் பேசவும் விஷயம் இருக்கிறது. தனியார் போட்டிக்குக் கதவு திறந்தது 2000-இல். அன்று 26 சதவீதமாக இருந்த அந்நிய முதலீட்டு வரம்பு 49, 74 என்று ஏறி, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு சதவீதத்துக்கே வழிவிட்டது. எதிரில் இருப்பவன் ஆள் குறைத்து, செயலி வைத்து, வங்கிக் கவுண்டரிலேயே பாலிசி விற்கும்போது எல்.ஐ.சி மட்டும் 1974-இல் நிற்க முடியாது. சரிதான். ஆனால் தனியார் நிறுவனத்தில் அதிகாரி முடியும் என்றாலும் முடியாது என்றாலும் அவருக்கே அது தெரியும். இங்கே மும்பை அதிகாரிக்கும் தெரியாது. கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்பார். பொய்யில்லை, உண்மையிலேயே மேலே போயிருக்கும்.

இனி வரும் தேதிகள் இரண்டு. பொதுமக்கள் கையில் குறைந்தது 10 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதியை நிறைவேற்ற எல்.ஐ.சி-க்குக் கொடுத்த கெடு 2027 மே 16. இப்போது வெளியே போயிருப்பது 3.5 சதவீதம். மீதி 6.5-ஐ அதற்குள் விற்றாக வேண்டும். வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது சம்பளச் செலவு எவ்வளவு என்பதைத்தான். அந்தக் கெடு முடிந்து இரண்டரை மாதத்தில், 2027 ஆகஸ்ட் 1 அன்று, அடுத்த சம்பளத் திருத்தம் தொடங்க வேண்டும்.

கோரிக்கைப் பட்டியல் அதற்கு வெகு முன்பே தட்டச்சாகிவிடும். வழக்கமாக முகவரியில் 'சேர்மன்' என்று போடுவார்கள். அந்தப் பதவியும் இப்போது இல்லை, தலைமைச் செயல் அதிகாரி மற்றும் நிர்வாக இயக்குநர் என்று மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டு, மற்ற பக்கங்களை முந்தைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.